என் பேரில் ஒரு வீடு

ஜூன் 3, செவ்வாய்

வாடகைக்குப் பார்த்த அந்த மாடி வீடும் போய்விட்டது.

கிடங்கில் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது புரோக்கர் கூப்பிட்டார். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்று பேசினேன். "எல்லாம் ஓகேதாம்மா. ஆனா சார் பேரைப் போட்டு கிரெடிட் ஸ்கோர் பார்த்ததும் வீட்டுக்காரர் யோசிக்கிறார்." யோசிக்கிறார் என்றால் இல்லை என்று அர்த்தம். வேற பார்க்கலாம் என்றாலும் அதே அர்த்தம்தான். இந்தப் பாஷை எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

கடையை மூடி, கோர்ட் இவரைத் திவாலானவர் என்று அறிவித்து, வீடும் ஏலத்தில் போய், கொழுந்தன் வீட்டு ஹாலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கொஞ்ச நாள் என்று சொல்லித்தான் வந்தோம்.

மெத்தைக் கடை வைத்திருந்த குடும்பம். மூன்று பேரும் தரையில் போர்வை விரித்துப் படுக்கிறோம். ஒருநாள் மகள் இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 5

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

ஜூன் 11, புதன்

ஹாலில் குடியிருப்பவர்களுக்கு டிவி எப்போது அணைகிறதோ அப்போதுதான் ராத்திரி. கொழுந்தன் மேட்ச் பார்த்து முடிக்கும்வரை நாங்களும் அக்கறையாகப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறோம். எல்லா ஆட்டக்காரர்களும் எனக்கு அத்துப்படி. யாருக்கு முழங்காலில் அடி என்பதுவரை தெரியும்.

இன்று ஓரகத்தி மெதுவாக வந்து நின்றாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாத்ரூம்ல உங்க சோப்பு டப்பாவை மட்டும் அந்த மூலைக்குத் தள்ளிக்கிறீங்களா?"

"இதுல என்ன தப்பு, தள்ளிக்கிறேன்."

உண்மையிலேயே தப்பில்லை. அவள் கெட்டவள் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் எட்டு மாதம் தாங்கியிருப்பேனா? மூன்றாம் மாதமே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருப்பேன். அவள் இப்போதுதான் வைக்க ஆரம்பித்திருக்கிறாள்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். யாராவது ஏறினால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காலை ஒடுக்கிக்கொள்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே பழகிவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

இன்று பார்த்தது சின்ன வீடு. ஆனால் சமையலறைக்கு ஜன்னல் உண்டு. வீட்டுக்காரர் இவரைப் பார்த்து, "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"பிசினஸ். மெத்தை, சோபா."

"கடை எங்க?"

இவர் பழைய கடைத் தெருவைச் சொன்னார். வீட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "அந்த இடத்துல இப்ப மருந்துக்கடைல்ல இருக்கு?"

அப்புறம் ஜன்னலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

திரும்பும் வழியில் கேட்டேன். "இப்ப சிநேகிதர் கடையில கணக்கு பாக்கறீங்கல்ல, அதையே சொல்லிருக்கலாமே. அதுவும் வேலைதானே."

"வேற என்னல்லாம் சொல்லணும்? தோத்துப் போனவன்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கவா?"

நடுத்தெருவில் கத்தினார். எதிரே வந்த ஒருவர் எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கிப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

புரோக்கர் புதிதாக ஒரு யோசனை சொன்னார். வீட்டை என் பேரில் எடுப்பது. என்னிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதே. என் பேரைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க பேருல ஒண்ணுமே இல்லம்மா. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. இன்னைக்குத்தான் பிறந்த மாதிரி இருக்கீங்க."

கடை ஆரம்பித்தபோது என்னையும் பங்குதாரராகச் சேர்க்கச் சொன்னேன். என் நகை விற்ற பணமும் அதில் இருந்தது. "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று சிரித்தார். பதினோரு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தேன், மெத்தைத் துணி மாதிரிகளை எடுத்துக் காட்டினேன், வாடிக்கையாளரிடம் பேரம் பேசினேன். கடையில் ஒரு காகிதத்திலும் என் பேர் கிடையாது.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். "பாத்தியா, நல்லவேளை அன்னைக்கு உன் பேரைப் போடல" என்றார். ஏதோ முன்கூட்டியே யோசித்து என்னைக் காப்பாற்றிய மாதிரி.

எனக்கு வந்த ஆத்திரம் — என்னத்தைச் சொல்ல. காப்பாத்துனாராம். ஒரு வார்த்தை, "அன்னைக்கு நீ கேட்டே, நான் குடுக்கல"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? வாய் முத்து உதுந்துடுமா?

ஜூன் 21

பேசவில்லை. அவரும்.

ஜூலை 2, புதன்

பல் டாக்டரம்மா வீடு. அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. ஆனாலும் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் பல்லைத்தான் பார்த்தார். கீழே அவர், மேலே இரண்டு அறை. சுவரில் ஈரம் இல்லை. குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது.

இவர் இல்லாமல் புரோக்கரோடு போயிருந்தேன். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். கடை, கோர்ட், ஹால், எதையும் விடவில்லை. அவர்களாகத் துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது மேல். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்களும் பொண்ணும் வாங்க. தாராளமா வாங்க. அவர் மட்டும் வேண்டாம். முன்னாடி இருந்தவனைத் தேடிக் கடன்காரனுங்க வந்து என் கதவைத் தட்டினது போதும்."

படியிறங்கும்போது புரோக்கர் காதருகே வந்தார். "சரின்னு சொல்லிடுங்கம்மா. அப்புறம் சார் வருவார், போவார். யாரு பாக்கப் போறா?"

ஜூலை 3, வியாழன்

இவரிடம் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடையில் விரிப்பு மடிப்பாரே, அதே மாதிரி மடித்து முடித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் தம்பி வீட்டுலயே இருந்துக்கறேன்."

மகள் சட்டென்று, "அப்ப எனக்குத் தனி ரூம் கிடைக்குமா?" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. "அப்பா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலப்பா" என்று அழ ஆரம்பித்தாள். இவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவர் போங்க என்று சொன்னபோது ஒரு நொடி — ஒரே நொடிதான் — எனக்குள் ஏதோ லேசாயிற்று. உடனே பயந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். இவர் வரமாட்டேன் என்றார். "வாசல்லயாவது வந்து நில்லுங்க" என்று இழுத்துப் போனேன்.

"அவரை ஒளிச்சு வெச்சு என்னால குடித்தனம் பண்ண முடியாதும்மா" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வந்தா மூணு பேரா வர்றோம். இல்லேன்னா இல்ல. ஒம்பது மாசமா ஒருத்தரும் எங்களைத் தேடி வரல. எல்லாம் கோர்ட்டுலயே முடிஞ்சு போச்சு."

அவர் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். "இப்ப என்ன வேலை பண்றீங்க?"

கணக்கு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மெத்தை தூக்கறேன்."

"என்ன?"

"இன்னொருத்தர் கடையில, டெலிவரி. வண்டியிலேர்ந்து இறக்கி மாடிக்கு ஏத்திக் குடுக்கணும். நாலு மாசமா."

என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு மாசம். கணக்கு எழுதுகிறவருக்கு ஏன் தோள் வலிக்கிறது, ஏன் சட்டையெல்லாம் பஞ்சு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே. இத்தனை நாளும் என் மணிக்கட்டு வலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா, பாவமா — எது வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டரம்மா மாடிப்படிப் பக்கம் திரும்பினார். பிறகு, "மாடில ஒரு பழைய மெத்தை கிடக்கு. எவனைக் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்குங்கிறான். இறக்கிக் குடுப்பீங்களா?" என்றார்.

இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். கனத்த இலவம்பஞ்சு மெத்தை. படித் திருப்பத்தில் நிமிர்த்தி, முதுகில் சாய்த்து, சுவரில் உரசாமல் கொண்டு வந்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆளை ஏவுகிற மனுஷனைத்தான் எனக்குத் தெரியும். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

"எங்கம்மா வைக்கணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"கேட்டுக்கு வெளிய." பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அக்ரிமென்ட் உங்க பேருல மட்டும்தான். வாடகைக்கு உங்களைத்தான் கேப்பேன். அவரைக் கேக்க மாட்டேன். அட்வான்ஸ் ஒரு மாசம் சேர்த்துக் குடுங்க."

சரி என்றேன். இவர் வெளியே மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார், விற்கப் போகிறவர் மாதிரி.

ஜூலை 7

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீயாவது அப்படி நினைச்சுட்டு இருக்கணும்னு" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. ஆனால் இது போன தடவை பேசாமல் இருந்த மாதிரி இல்லை.

ஜூலை 25, வெள்ளி

கையெழுத்துப் போட்டேன். நான்கு இடத்தில். மூன்றாவது இடத்தில் மணிக்கட்டு வலித்துக் கொஞ்சம் கோணிவிட்டது. குடியிருப்போர் என்ற இடத்தில் இவர் பேரையும் மகள் பேரையும் நானே எழுதினேன். ஓரகத்தி விஷயம் கேட்டதும், "என்னக்கா, அதுக்குள்ளயா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதுவும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

வந்து ஒரு வாரம். மகள் தன் அறைக் கதவை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாள். நானும் எதுவும் சொல்வதில்லை. டிவி வாங்கவில்லை. இருட்டியதும் படுத்துவிடுகிறோம். அதுவே பெரிய சுகமாக இருக்கிறது.

சாயங்காலம் பெல் அடித்தது. திறந்தால் இவர், சட்டையெல்லாம் பஞ்சு. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார், நான் கேட்காமலே. செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் பஞ்சைத் தட்டிவிட்டேன். தோளில் கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா கொடுத்தது ஒரே ஒரு சாவி. அது என் பையில் இருக்கிறது. நான் வேலை முடிந்து வரும்வரை மகள் கீழே டாக்டரம்மாவிடம் இருக்கிறாள், சில நாள் இவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்று செய்யணும், செய்யணும் என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

சாவி செய்கிறவர் கிடங்குக்கு நேர் எதிரேதான் கடை போட்டிருக்கிறார். இன்றும் அவரைத் தாண்டித்தான் நடந்து வந்தேன்.