பாத்ரூம் கதவின் பித்தளைக் கைபிடி

இன்று காலை உள்ளங்கையை மோந்து பார்த்தேன். பித்தளை வாசம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. பாத்ரூம் கதவில் நீங்கள் கடைசியாகப் பொருத்திப் பூட்டிவிட்டுப் போன கைபிடியின் வாசம்தான். நான்கு மாதமும் பத்து நாளும் அதைப் பிடித்துத் திறந்து, பிடித்துச் சாத்தி, கையிலேயே ஏறிவிட்டது போலிருக்கிறது.

உங்களை இழந்து வீட்டுக்குள்ளேயே இருந்த என் இத்தா நேற்றோடு முடிந்தது. வெள்ளை உடுப்பை மடித்து அலுமாரியில் வைத்தேன். மகள் வந்து முற்றத்துக்கு வரச்சொல்லிக் கையைப் பிடித்தாள். போனேன். உப்புநீர்க் களப்பின் காற்று முகத்தில் அடித்தது. நான் அழுவேன் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள், பாவம். அழுகை வரவில்லை. முருங்கையில் இலை கொட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நிஸாம். உங்களோடு கூடவே அலைந்து பைப் வேலை செய்த அதே நிஸாம்தான். இத்தா இருக்கிற வீட்டுக்குள் பிற ஆம்பிளை வந்து வேலை செய்வது சரியில்லை என்று இத்தனை நாளும் வாசற்படி ஏறாமல் இருந்தான். நீங்கள் பாதியில் விட்ட வேலையை முடித்துத்தர இன்று வருகிறான். அவன் வருமுன் உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நம் வீட்டில் ஒன்றோடொன்று சேர்ந்த சாமான் எது இருந்தது, சொல்லுங்கள்? கற்பிட்டி ஹோட்டல்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில், வரிசை வரிசையாகக் குழாயும் கைபிடியும் பூட்டிக் கொடுப்பீர்கள். மிச்சம் விழுந்தது, கீறல் பட்டது, பெட்டி நசுங்கியது எல்லாம் கரைத்தீவுக்கு, நம் வீட்டுக்கு வந்து சேரும். குசினியில் கறுப்புக் குழாய். பேசினில் வெள்ளிப் பளபளப்பு. குளிக்கிற சவர் தங்க நிறம். அலுமாரியின் ஒரு கதவில் செம்புக் குமிழ், மறு கதவில் எவர்சில்வர். நான் தலையில் கை வைத்தால் உங்களுக்குச் சிரிப்பு வேறு.

ஒரு நாள் பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி வந்து நின்றீர்கள். ஹோட்டலை அலங்கரிக்கக் கொழும்பிலிருந்து வந்த நோனா அம்மா சொன்னாராம், உலோக நிறங்களைக் கலந்து வைப்பதுதான் இப்போது மோஸ்தராம். அதற்கும் ஒரு கணக்கு உண்டாம். "ஒரு நிறம் கூடுதலா இரிக்கணும், மத்தது குறைவா இரிக்கணும். ஆனா எதுவும் தனிய நிக்கக் கூடாது. ரெண்டு இடத்தில இரிந்தா வேணுமெண்டு வச்சதாத் தெரியும். ஒண்டு மட்டும் இரிந்தா பிழையாத் தெரியும்" என்றீர்கள். சொன்ன கையோடு தங்க நிறத்தில் ஒரு துவாய்க் கொளுக்கியைத் தேடியெடுத்து சவருக்குச் சோடியாக அடித்தீர்கள். உண்மையில் கொஞ்சம் வடிவாகத்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் இன்னும் இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்குவீர்கள் என்ற பயம்.

பிறகு மகளின் மாமியார் சிலாபத்திலிருந்து வந்த அந்த நாள். பாத்ரூம் கதவின் பழைய கைபிடிக்கு வெளியில் மட்டும்தான் பளபளப்பு. உள்ளே உப்புக் காற்று தின்று முடித்திருந்தது. அந்த மனுசி உள்ளே இருந்து திறக்கப்போக, கைபிடி கையோடு வந்துவிட்டது. நீங்கள் ஆணி கழற்றும் திருப்புளியைக் கொண்டு ஓடினீர்கள். மாமியார் வெளியே வந்து, பிளம்பர் வீட்டிலேயே இப்படியா என்று சிரித்தார். பகிடிதான். எனக்குத்தான் பகிடியாகப் படவில்லை.

அவர்கள் வேன் ஏறியதும் உங்கள்மேல் பாய்ந்தேன். "ஊரானுக்கெல்லாம் புதுசு புதுசாப் பூட்டுறீங்க. எனக்கு மட்டும் மிச்சம். இந்த ஊட்டுல நானும் ஒரு மிச்சம்தானே" என்றேன். நீங்கள் உடைந்த கைபிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள்.

மறுநாள் வேலை என்று சொல்லிச் சிலாபம் போய்வந்தீர்கள். பின்னேரம் பழப்புளி போட்டுத் தேய்த்த இந்தப் பித்தளைக் கைபிடியைப் பூட்டினீர்கள். "கதவு இப்ப நல்லாச் சாத்துது, பார்" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லியும் இன்னொரு மிச்சம், அதுவும் வீட்டில் எதோடும் சேராத ஒன்று. பிடிவாதம் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று நாள் பேசவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்தேன், சோற்றை மூடி வைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு கேற்றடியில் நின்று ஸலாம் சொன்னீர்கள். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாதே, வாய்க்குள் சொன்னேன். பைக் இரைச்சலில் உங்களுக்குக் கேட்டிருக்காது. மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்தில் உங்கள் போனிலிருந்து அழைப்பு வந்தது, பேசியது நிஸாம். நெஞ்சு நோகுது என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்து.

இத்தாவின் இரண்டாம் மாதம், பழைய துணி தேடி ஸ்டோர் அறைக்குள் போனேன். சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி. திறந்தால் எல்லாம் மங்கல் வெள்ளி நிறம். நான் போனில் படம் காட்டிக் காட்டி உங்கள் உயிரை வாங்கிய அதே நிறம். ஒவ்வொரு சிறு பெட்டியிலும் உங்கள் பென்சில் எழுத்து: குசினி, பேசின், சவர், கொளுக்கி, அலுமாரி, அறைக் கதவு. அடியில் சிலாபத்துக் கடையின் பில் துண்டு, நான் பாய்ந்ததற்கு மறுநாள் எழுதியது. அதன் பின்பக்கம், "பாத்ரூம் கதவு மட்டும் இல்லை. அடுத்த கிழமை வரும்."

ஆக, பித்தளை அதுவரைக்கும்தான். எல்லாம் வந்த பிறகு ஒன்றாகப் பூட்டிக் காட்டலாம் என்று இருந்திருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. அந்தத் துண்டை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் வாசிக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது பின்னேரம், அசர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. நிஸாம் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். வராமல் நின்ற அந்த ஒரு கைபிடியையும் கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தான். குசினி, பேசின், சவர், அலுமாரி, எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது, நான் காட்டிய படத்தில் உள்ளது போலவே. முன்பு என்றால் சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். குசினிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பாத்ரூம் கதவுக்குத் திருப்புளியோடு போனான். அதை விடச் சொன்னேன்.

"மதினி, அது ஒண்டு மட்டும் தனிய நிண்டா பிழையாத் தெரியுமே" என்றான். நோனா சொன்னதை அவனுக்கும் பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

"தெரியட்டும்" என்றேன்.

அவனிடமிருந்து புதுக் கைபிடியைப் பெட்டியோடு வாங்கி அலுமாரியில் வெள்ளை உடுப்புக்குமேல் வைத்தேன். அவன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், கேற்றடியில் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு ஸலாம் சொன்னான். நான் பாத்ரூம் கதவடியில் நின்றேன். கை பித்தளையில் இருந்தது. "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது, பைக்கை நிறுத்திவிட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டான்.

"என்ன மதினி, கூப்பிட்டீங்களா?"

"இல்ல தம்பி. ஸலாத்துக்குப் பதில் சொன்னன். நீங்க போங்க."