இரண்டாம் நிமிடத்து இருமல்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
04.02.2024

அன்புள்ள மகள் தனுஷாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். வாசலெல்லாம் ஐஸ், சறுக்காமலிருக்கச் சப்பாத்தடியில் முள் பூட்டித்தான் கடைக்குப் போகிறேன்.

ஈக்குவடோர் மலையிலிருந்து நீ அனுப்பிய ஆறு பதிவுகளையும் கேட்டு, அன்ட்பிட்டா கூவும் நேரங்களைக் குறித்து இணைத்திருக்கிறேன். வாலில்லாத கோழிக்குஞ்சு மாதிரி நிலத்தில் தத்தித் திரியும் பறவைக்கு இவ்வளவு குரலா?

ஆறாவதில், இரண்டாம் நிமிடம் பதினாலாம் செக்கனில் ஓர் ஆண் இருமுகிறார். என் காதில் பிழை இருக்கலாம் என்று நாலு தரம் கேட்டேன். காட்டுக்குள் தனியாகப் போவதாகத்தானே எழுதினாய்?

அப்பா

11.02.2024

அன்பின் அப்பா,

ஓம், தனியாத்தான் போறனான். அது குரங்காயிருக்கும். போன மாதம் நீங்கள் முதலாம் பதிவிலையிருந்து தெரிஞ்செடுத்து அனுப்பின கூவல் நல்லா வேலை செய்யுது. அதைக் காட்டிலை ஸ்பீக்கரிலை போட்டால், வேறை ஒருத்தன் தன்ரை இடத்துக்கு வந்திட்டான் எண்டு பறவை தேடி வருது. இண்டைக்குத்தான் ரெண்டாந்தரம் கண்டனான்.

தனுஷா

25.02.2024

அன்புள்ள தனுஷாவுக்கு,

புதிதாக வந்த பதிவுகளில் ஒன்பதாவதிலும் பதினொன்றாவதிலும் அதே இருமல். குரங்கு இப்படித் தொண்டையைச் செருமுமா?

போன ஞாயிறு உன் அவர் கிருஷிகன் திராமனில் உங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டு வந்தார். "ஏன் மாமா முகம் வாடிக் கிடக்கு?" என்றார். மறைக்கத் தெரியாமல் அந்த இருமலைக் கேட்கக் கொடுத்தேன். "ஆரோ ஓராள் நிக்கிறான்" என்று எழும்பிப் போய்விட்டார். நான் செய்தது சரியோ தெரியவில்லை. அந்த ஆள் யார், பிள்ளை?

அப்பா

01.03.2024

அப்பா,

அந்த ஆள் நீங்கள்.

கூவலை வெட்டி அனுப்பச் சொன்னனான். உங்களுக்கு வெட்டத் தெரியாமல், கம்ப்யூட்டரிலை போட்டுவிட்டுப் பக்கத்திலை போனை வைச்சுப் பதிஞ்சிருக்கிறியள். இடையிலை இருமியிருக்கிறியள். அதைக் காட்டிலை போடேக்கை என்ரை பதிவிலையும் விழுந்திருக்கு. ஆத்துச் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை.

கிருஷிகன் போன் எடுத்தவர். "ஆர் அவன்?" எண்டார். "அப்பா" எண்டன். சிரிச்சார். நல்ல சிரிப்பில்லை.

என்னட்டை இன்னொருக்கால் கேட்டிருக்கலாமே.

தனுஷா

24.03.2024

அன்புள்ள பிள்ளைக்கு,

என் போனில் கிடந்ததைக் கேட்டேன். நான்தான். இரண்டு கடிதமும் எழுதுமுன் அதை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

ரயில் எடுத்துத் திராமன் போனேன். கிருஷிகனுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர் முன்னால் இருந்து இருமியும் பார்த்தேன். வேண்டுமென்று இருமினால் அப்படி வருவதில்லை. அவர் கோபிக்கவில்லை. "மாமா, பிள்ளைக்காக நீங்கள் எத்தினை தரமும் இருமுவியள்" என்றார். ஸ்டேசன் வரை காரில் கொண்டுவந்தும் விட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவரிடம் அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தது நான். திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

இந்த மாதம் உன்னிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை. வேறு யாரிடமாவது கேட்கக் கொடுத்திருந்தால் நல்லது. அதை மட்டும் எழுது.

அப்பா