கழுவி வைத்த தூக்குவாளி

மதினி,

இன்று காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் உங்கள் தூக்குவாளி. சாம்பல் போட்டு விளக்கி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணன்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததை நீங்கள் பார்த்திருந்தால், "ஏ தாயி, வாளிக்கா அழுவுற?" என்று கேட்டிருப்பீர்கள்.

புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்த என்னைப் பக்கத்து வீட்டில் குடிவைத்தது நீங்கள். அருப்புக்கோட்டை மில்லுக்கு நான் பஸ் ஏறினால், சாயங்காலம் வரை என் மகள் உங்கள் இடுப்பில்தான். அவள் ஓடியாடத் தொடங்கிய வருடம் மாசியில், காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கி விறகுக்காகக் கொல்லையில் அடுக்கியிருந்தீர்கள். அதனருகே விளையாடிய பிள்ளை, முள் குத்திவிட்டதென்று நொண்டிக்கொண்டு வந்தாளாம். நம் ஊரில் பிள்ளைகளுக்கு முள் குத்தாத நாள் ஏது? ஊக்கால் நெருடிப் பார்த்தீர்கள், முள் அகப்படவில்லை. மஞ்சளைப் பற்றுப்போட்டுத் தூங்கவைத்தீர்கள். மறுநாள் காலையில் அவள் ஈறெல்லாம் ரத்தம். கடித்தது விரியன் பாம்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஊர் கேட்க, "எம் புள்ளையக் கொன்னுட்டியே" என்று உங்களைப் பார்த்துக் கத்தினேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அண்ணனும் அன்றைக்கே உங்களிடம் பேச்சை முறித்தார். சோறு வை, ஆட்டைக் கட்டு, அதோடு சரி. சொந்த வீட்டுக்குள்ளேயே உங்களைத் தனியாளாக்கியது என் வாய்தான். நானும் மில்லை விட்டு வீட்டுக்குள்ளேயே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தேன், நல்லது பொல்லாததுக்குப் போவதை விட்டேன், சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகும்.

ஒன்பது வருடம், மதினி. தினமும் இந்த வாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து என் படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போவீர்கள். நான் அதை நாய்க்குக் கொட்டிவிட்டு, வாளியைத் தெருவில் போடுவேன். ஒரு நாள்கூடக் கழுவி வைத்ததில்லை. அவ்வளவு கொழுப்பு எனக்கு.

சர்ச்சிலும் அப்படித்தான். முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால், மனத்தாங்கல் உள்ளவர்கள் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் சொல்லுவார். சபை முழுக்க அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போகும். பாயில் மிச்சம் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் முன்னால், நான் கதவோரம். குற்றம் உறுத்துவதால்தான் நீங்கள் எழவில்லை என்று எனக்குள் ஒரு திருப்தி. நான் ஏன் எழவில்லை என்பது வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

வயிற்றில் கட்டி வந்து நீங்கள் படுத்துவிட்டீர்கள். போதகர் அப்பமும் ரசமும் வீட்டுக்கே கொண்டுவந்தார். நீங்கள் வாங்கவில்லை. "அவ வரட்டும்யா, அவ இல்லாம எனக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டீர்களாம். போதகர் நேரே என் வாசலுக்கு வந்து அதை மட்டும் சொன்னார். சாகிற நேரத்தில் இப்படியொரு பிடிவாதமா என்று ஆத்திரம்தான் முதலில் வந்தது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் வந்தேன்.

அண்ணன் ஆடு மேய்க்கப் போயிருந்தார். போதகரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உங்கள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சொன்னேன். அன்று மில்லிலிருந்து வந்ததும், உங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளின் காலை நானும் தூக்கிப் பார்த்தேன். வீங்கியிருந்தது. நானும் முள் என்றுதான் நினைத்தேன். அலுப்பில் அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

"தெரியும் தாயி. நீ பாத்தப்ப நான் அடுப்படியிலதான நின்னேன்."

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புள்ளையப் பறிகுடுத்தவ தலையில அதையும் தூக்கி வைக்கவா?"

போதகரை உள்ளே கூப்பிட்டோம். உங்களால் விழுங்க முடியாததால் அப்பத்தைத் துணுக்காகக் கிள்ளி ரசத்தில் நனைத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். உங்களைக் குளிப்பாட்டினேன், தலை சீவிவிட்டேன், ஒன்பது வருடத்துப் பேச்சையும் பேசினோம். ஆனால் அண்ணனிடம் உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. உங்கள் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு ஆறவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம்தான் சொன்னேன். அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"அவளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அவ சொல்லவே இல்லையே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு என்னிடம் பேசவில்லை. என்மேல் உள்ள கோபமா, உங்களிடம் பேசாமலேயே உங்களை அனுப்பிவிட்ட துக்கமா, எனக்குத் தெரியவில்லை. முதல் ஞாயிறுகளில் இப்போது பாயை விட்டு எழாதவர் அவர்தான். அவர் எழும்வரை நானும் எழுவதில்லை. வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் செய்ததைத்தான் செய்கிறேன்.

நாலு மாதமாகத் தினமும் அவர் படியில் வாளியை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். சில நாள் தொடாமல் இருக்கும், சில நாள் காலியாகக் கிடக்கும், ஈ மொய்க்கும். இன்றுதான் கழுவி, என் வாசல் வரை கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் உங்களுக்கு ஒரு நாளும் செய்யாததை, மதினி.

அவர் கதவு இன்னும் திறக்கவில்லை. சோறு வடித்துவிட்டேன், குழம்பு கொதிக்கிறது. ஆறுவதற்குள் கொண்டுபோய்த் தட்ட வேண்டும்.