புளி போட்டுத் தேய்த்த வீல்

என் ராங்கிக்கார ஸ்டெல்லா அக்காவுக்கு,

முதல்ல என்னைத் திட்டிடு. திட்டி முடிச்சிட்டு மீதியைப் படி. உன் கார்ல டிரைவர் பக்கத்து முன் வீலை நான் கெடுத்துட்டேன்.

மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோன நாள்லேர்ந்து அம்மா வாசலைத் தாண்டலை, தெரியுமா? மாதா கோயிலுக்கும் போகலை. நேத்து உனக்கு வருஷப் பூசை. அதுக்காவது வரணுமேன்னு நானும் எத்தனையோ நாளா கெஞ்சினேன். "அவ வண்டி இன்னா கோலத்துல கீது பாரு. அதுல ஏற மாட்டேன். வேற எவன் வண்டிலயும் ஏற மாட்டேன்"னு ஒரே பிடிவாதம். உன்னைப் பெத்தவளாச்சே, புத்தி எங்கே போகும்?

அம்மா சொன்னதும் நியாயந்தான். நம்ம சேரப்பணஞ்சேரி ரோட்டு லாரிப் புழுதி ஒரு வருஷமா படிஞ்சு, நாலு வீலும் சாம்பல் பூத்துக் கிடந்துச்சு. நீ இருந்தா விட்டிருப்பியா? ஒரகடம் கம்பெனியில ஷிஃப்ட் பூரா வெள்ளை லைட்டுக்குக் கீழே நின்னு அலாய் வீல்ல கீறல் தேடிட்டு, லீவு நாள்லயும் உனக்கு வீல்தான். யாரோ கல்யாணத்துக்குப் போன இடத்துல, மண்டப வாசல்ல நின்ன எவனோ ஒருத்தன் கார் வீலை உன் பட்டுப்புடவை முந்தானையால துடைச்சியே! "மேடம், இது என் வண்டி"ன்னு அந்த ஆள் வந்தா, "உங்களுதா? அப்புறம் ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டே. மானமே போச்சு எனக்கு.

இந்தப் பழைய காரை வாங்கின புதுசுல, வீல் மேல உரிஞ்சு தொங்கின லாக்கர் பூச்சைச் சுரண்டி எடுத்துட்டு, வெறும் அலுமினியத்தைக் கையாலயே தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினே. அந்தப் பக்கம் என்னை விட்டியா? "நீ தொட்டு எதுடி துலங்கியிருக்கு? தள்ளிப் போ"ன்னே. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?

கிறிஸ்துமஸுக்குப் பித்தளை விளக்கை எப்படித் தேய்ப்போம்? புளி, பாத்திரம் தேய்க்கிற பவுடர், கம்பி நார். அதையேதான் போட்டேன். ஒரு மணி நேரம் வெறியா தேய்ச்சேன். கழுவிப் பார்த்தா, ஐயோ அக்கா, வீல் முழுக்கக் கீறல், திட்டுத் திட்டா வெளுத்துப் போயிருக்கு. தெருவுலயே உட்கார்ந்து அழுதேன்.

கம்பெனியில உன் லைன்ல உன்கூட நின்ன காஞ்சனா அக்காவைத்தான் கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடிச்ச கையோட வந்து பார்த்துட்டு, "யம்மா தாயே, இது வீலா, தோசைக்கல்லா?"ன்னாங்க. அப்புறம், "தண்ணி ஊத்தித் தேய்க்கிற உப்புத்தாள், வாட்டர் பேப்பர், அதைப் போட்டு மேல் தோலை எடுக்கணும். சொரசொரப்பான நானூறு நம்பர்ல ஆரம்பிச்சு நைஸான ரெண்டாயிரம் வரைக்கும் போய், கடைசியா பாலிஷ்."

"மேல் தோல்னா, அக்கா தேய்ச்சதா?"

அவங்க வீலைத் தடவிப் பார்த்தாங்க. "அது போயிடும் ரீட்டா. அதை வெச்சுக்கினு புதுசா பளபளப்பு வராது."

எனக்குக் கை வரலை. உன் துணிமணியெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாச்சு. உன் கையால செஞ்சதுன்னு மிச்சம் இருக்கிறது இந்த நாலு வீல்தான். அதையும் நானே உரசி எடுக்கணுமா? பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன், உள்ளேயிருந்து அம்மா வந்துச்சு. வாசப்படி தாண்டி வந்துச்சு அக்கா!

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? அவ மட்டும் முன்ன இருந்தத அப்படியே வெச்சிகினா தேய்ச்சா? உரிச்சுப் போட்டுட்டுதானே தேய்ச்சா? தேய்டி!" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மக்குல தண்ணி மொண்டு ஊத்த ஆரம்பிச்சுது.

நாலு நாள் தேய்ச்சேன். பாலிஷ் போட்டுத் துடைக்கத் துடைக்கத் துணி கரியா வந்துச்சு. நான் பயந்துட்டேன். துணி கறுத்தாதான் வீல் வெளுக்கும்னு காஞ்சனா அக்கா சொன்னாங்க. அம்மா அந்தத் துணியை வாங்கிப் பார்த்துட்டு, "இப்படித்தாண்டி கொண்டாந்து போடுவா. தொவச்சுத் தொவச்சு என் கை ஓஞ்சுது"ன்னு சொல்லி ஓன்னு அழுதுடுச்சு. நானும் அழுதேன். மத்த மூணு வீலுக்குப் பாலிஷ் மட்டுமே போதுமா இருந்துச்சு.

நேத்து நான் ஓட்ட, அம்மா முன் சீட்டுல உட்கார்ந்து வந்துச்சு. கோயில் வாசல்ல இறங்கினதும் நமக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் காரைச் சுத்தி வந்து, "யாரும்மா இப்படித் தேய்ச்சது?"ன்னு கேட்டார்.

"என் பொண்ணு"ன்னுச்சு அம்மா.

"எந்தப் பொண்ணு?"

அம்மா குனிஞ்சு வீலைத் தொட்டுப் பார்த்துச்சு. "ரெண்டு பேரும்தான்."

அக்கா, இனிமே ஒரு ஞாயித்துக்கிழமை விடாம அம்மாவைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போவேன். ஓடுற வண்டி அழுக்காகும், நானும் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க நீ செஞ்சது கரையும். கரையட்டும், கோவிச்சுக்காதே. தேய்க்கிறதை மட்டும் விட மாட்டேன், மாதா மேல சத்தியம்.

உன்கூடப் பிறந்த ஒரே ஒருத்தி,
ரீட்டா