சிங்கப்பூருக்கு மூன்று டிக்கெட்

ஏப்ரல் 6, ஞாயிறு

சாயங்காலம் காயத்ரி கீழே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள். மேலே வரமாட்டாள். பிரிந்துபோனதிலிருந்து இப்படித்தான். சனிக்கிழமை பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவாள், ஞாயிறு அழைத்துக்கொண்டு படூரில் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். தாரிகா டாட்டா காட்டினாள். நிதின் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வயசுப் பையனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறேன்?

குவார்ட்டர்ஸ் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, போனை எடுத்து சிங்கப்பூருக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். மே மாதம், ஐந்து நாள். நானும் பிள்ளைகளும் மட்டும். காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு... ஐந்து நாள் முழுசாக! உள்ளூரில் எங்காவது என்றால் 'சனி ஞாயிறே போதுமே' என்பாள். கடல் தாண்டிவிட்டால் யாரும் வந்து ஹாரன் அடிக்க முடியாது.

ஏப்ரல் 9, புதன்

கோவளத்தில் ஷபானா நடத்தும் டிராவல்ஸுக்குப் போனேன், விசாவுக்காக.

"இன்னா சார், மேடம் வரலியா?"

"லீவு கிடைக்கலைங்க." பொய் எவ்வளவு லேசாக வருகிறது.

"கொயந்தைங்கள இட்டுகினு ஒண்டியா போறீங்களா? அப்போ அவங்க அம்மா கையெழுத்து வோணும் சார். அது இல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். காயத்ரியிடம் கேட்கணும். கேட்கணும், அவ்வளவுதானே?

ஏப்ரல் 11, வெள்ளி

சிறுசேரி சாஃப்ட்வேர் ஆபீஸிலிருந்து அவள் கம்பெனி காரில் வரும்போது கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நிதினுக்கு வீசிங் வந்தா?"

"நெபுலைசர் எடுத்துட்டுப் போறேன்."

"சாப்பாடு?"

"அங்க இட்லி கிடைக்கும் காயத்ரி, விசாரிச்சுட்டேன்."

"தாரிகாவுக்கு ஜடை போடுவியா?"

என்னிடம் இருக்கும் இரண்டு நாளும் அந்தப் பெண் தலைவிரி கோலமாகத்தான் திரிகிறாள். அது எனக்கு இன்றுதான் உறைத்தது.

கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். தேங்க்ஸ் என்றேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிள்ளைகள் கிளம்பிப் போனதும் துண்டு நுனியில் தொங்கும் நூலில் ஜடை பின்னிப் பழகுகிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்கத்தான் யாருமில்லையே.

ஏப்ரல் 19, சனி

மாமல்லபுரத்தில் ஒத்திகை. சிங்கப்பூரில் காலை மிருகக்காட்சிசாலை, மதியம் பூங்கா, சாயங்காலம் படகு என்று எழுதி வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெண்ணெய் உருண்டைப் பாறை வரைக்கும் நடந்தோம். அங்கேயே நிதின் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "கால் செத்துப்போச்சுப்பா." ஐந்து ரதத்தை அவன் என் தோளில் இருந்துதான் பார்த்தான், அதுவும் தூங்கிக்கொண்டே. தாரிகாவுக்கு ஆட்டைத் தவிர எதிலும் அக்கறையில்லை.

வீட்டுக்கு வந்ததும் திட்டத்தில் பாதியை அடித்தேன். ஒரு நாளுக்கு ஓர் இடம். மதியம் ரூமுக்குத் திரும்பித் தூக்கம். நடுவில் எங்கே உட்காரலாம், எங்கே பாத்ரூம், எங்கே நிழல் என்று மட்டும் தேடிக் குறித்துக்கொண்டிருக்கிறேன். மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாளாயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

கேன்டீனில், கூட வேலை பார்க்கும் சம்பத் கேட்டான். "சிங்கப்பூராமே! பர்மிஷன் எப்ப வந்துச்சு?"

"என்ன பர்மிஷன்?"

கேட்ட மறுநொடியே ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் அணு ஆராய்ச்சி வேலையில் சொந்தக் காசில் ஊர் சுற்றக் கடல் தாண்டினாலும் முதலில் ஆபீஸ் அனுமதி, அப்புறம்தான் டிக்கெட். இந்தக் காலனியில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குப் புத்தி எங்கே போச்சு? மடையா. மடையா! இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் காயத்ரிதான் ஞாபகப்படுத்துவாள். ஆள் இல்லாத வீட்டில் யார் ஞாபகப்படுத்துறது?

எங்கள் பிரிவுத் தலைவர் காசிநாதன் சாரிடம் ஓடினேன். "டிக்கெட்ட போட்டுட்டு வந்து கேக்குறியேய்யா! ஃபைல் பம்பாய் தலைமை ஆபீஸுக்குப் போய்ட்டுத் திரும்பணும்." திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரிதாபமாகப் பார்த்தார்.

மே 2, வெள்ளி

அனுமதி இன்றும் வரவில்லை.

மே 5, திங்கள்

"இந்த மாசம் வாய்ப்பே இல்ல, விட்டுடு" என்றார் சார். தேதியைத் தள்ளினால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். தாரிகா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நிதின் பையில் ஜட்டியும் இரண்டு காரும் எடுத்து வைத்துவிட்டான்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாருக்குக் கேட்டுவிடப் போகிறது என்று குழாயைத் திறந்தேனோ.

பிறகு காயத்ரியைக் கூப்பிட்டேன். "எனக்குப் பதிலா நீ கூட்டிட்டுப் போ. என் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு உனக்குப் புதுசா போட்டுடுறேன்." ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போய்வந்தபோது எடுத்த விசா அவளிடம் இன்னும் இருக்கிறது.

"இதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தியே. இப்ப ஏன் என்னைப் போகச் சொல்ற?"

"பசங்க பையெல்லாம் கட்டிட்டாங்க காயத்ரி."

லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

மே 12, திங்கள்

காயத்ரிக்கு லீவு கிடைத்துவிட்டது. மூன்று பேரையும் ஏர்போர்ட் வாசலில் விட்டேன். நேற்று என்னிடம் இருந்ததால் தாரிகாவுக்கு நான் போட்ட ஜடை, கொஞ்சம் கோணல். காயத்ரி அதைத் தொட்டுப் பார்த்தாள், அவிழ்க்கவில்லை. திட்டத் தாளைக் கொடுத்து, எந்தெந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று விளக்கினேன். நிதின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ பின்னாடி வருவியா?" என்றான்.

கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் நின்றேன். செக்யூரிட்டி நகரச் சொன்னார்.

மே 14, புதன்

காலையில் ஒரு போட்டோ வந்தது. மூன்று பேர், ஒரு ஒட்டகச்சிவிங்கி. அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. கடலோரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மே 17, சனி

விமானம் இறங்கியதும் நேராக இங்கே வந்துவிட்டார்கள். காயத்ரி மேலே வந்தாள். பெட்டியை அவளே படியேற்றினாள். பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேச, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிச்சனில் காபி போடும்போது கதவோரம் நின்று சொன்னாள்: "நீ எழுதிக் கொடுத்தபடிதான் போனோம். நிதின் ஒரு தடவைகூட அழல. அவனைப் பத்தி எனக்கே அவ்வளவு தெரியாது, பார்த்தி."

காபியைப் பாதி குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த மாசக் கடைசி வாரம் எங்க சாஃப்ட்வேர் ரிலீஸ். நாள் முழுக்க ஆபீஸ்தான். பசங்களைத் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நீ வச்சுக்கிறியா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

மே 22, வியாழன்

லீவு கேட்டேன். காசிநாதன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எந்த நாட்டுக்குய்யா? மறுபடியும் டிக்கெட் போட்டுட்டியா?"

"எங்கயும் இல்ல சார். வீட்லதான். பசங்க வர்றாங்க."

மே 26, திங்கள்

நிதின் பல் தேய்க்க மாட்டேன் என்று கட்டிலைச் சுற்றி ஓடுகிறான். தாரிகாவுக்குத் தோசை முறுகலாக வேண்டுமாம், இது முறுகல் இல்லையாம். அடுப்பில் ஏதோ தீய்கிறது, போகணும்.