கீழ்க்கூடத்து எச்சரிக்கை

மார்ச் 3, காலை

நிலாவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம், மேல்கூடம். எழுதுவது நெட்வொர்க் பொறியாளர் மங்கையர்க்கரசி.

நிலையத்தின் கணினிகளையும் சென்சார்களையும் இணைக்கும் புதிய சுவிட்சைப் பொருத்தி, எதற்கெல்லாம் எச்சரிக்கை அனுப்ப வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அமைத்து முடித்தேன். இணைப்பு அறுந்தாலோ, கூடத்தில் ஆக்சிஜன் எல்லைக்குக் கீழே இறங்கினாலோ, எனக்கும் மேலே நிலாவைச் சுற்றும் ‘கொற்கை’ விண்கப்பலுக்கும் ஒரு வரிச் செய்தி போகும். பள்ளத்தின் அடியிலுள்ள கீழ்க்கூடத்தில் மெக்கானிக் ராயப்பன் ஒரு கேபிளைப் பிடுங்கிச் சோதித்தான். இன்டர்காமில் கேட்டான்:

“வந்துட்டா யக்கா?”

“வந்துட்டு. திரும்பச் சொருகு.”

மார்ச் 5, பிற்பகல்

நிலம் குலுங்கியது. கூடங்களை இணைக்கும் சுரங்கவழி இடிந்துவிட்டது. வெளியே போக அணியும் விண்வெளி உடைகள் எல்லாம் அதற்குள் புதைந்து கிடக்கின்றன. பெரிய ஆன்டெனா போயிற்று. கொற்கை பேசுவது எனக்குக் கேட்கிறது. என் குரல் அங்கே போகாது. சுவிட்ச் அனுப்பும் எச்சரிக்கைகள் மட்டும் சிறிய ஆன்டெனா வழியாகப் போகின்றன. கூடங்களுக்கு இடையே இன்டர்காம் பிழைத்திருக்கிறது.

கீழே ராயப்பனும் டாக்டர் சுபைதாவும். டாக்டர் மேல் உத்தரம் விழுந்திருக்கிறது. நினைவில்லை.

மார்ச் 6, காலை

கொற்கையிலிருந்து கேப்டன் திலகன்: “மேடம், ஒரு தடவை இறங்கி ஏறத்தான் எரிபொருள் இருக்கு. ஒரு கூடத்துக்குத்தான் வர முடியும். அடுத்த கப்பல் வர மூணு வாரம் ஆகும். உங்க எச்சரிக்கைகளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம்.”

ராயப்பனிடம் சொன்னேன்.

“இங்க காத்துக்குக் கொறையே இல்லக்கா. அவங்க ஒங்க பக்கமே வரட்டும்.”

என் கூடத்துக் காற்று நான்கைந்து நாள் தாங்கும். அவன் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினான்.

மார்ச் 6, பிற்பகல்

*கீழ்க்கூடம். ஆக்சிஜன் எல்லைக்குக் கீழே.*

உடனே அவன் குரல்: “சென்சார் கெட்டுப்போச்சுக்கா. அந்த எச்சரிக்கைய அணைச்சிருங்க.”

“கெடல ராயப்பா. நீ மூச்சு விடுறது எனக்குக் கேக்கு.”

“இங்க வந்து ஒரு பிரயோசனமும் இல்ல. நீங்களாவது போங்கக்கா. ஒங்கள கும்புட்டுக் கேக்கேன்.”

ஒரே ஒரு கட்டளை போதும், அணைத்துவிடலாம். விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

இந்தச் செய்திகள் வழியில் தொலைந்தால் சுவிட்சுக்குத் தெரியாது. ஒரு முறை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதனால், பெற்றுக்கொண்டேன் என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும் வகைக்கு மாற்றினேன். மூன்றாவது முறை பதில் வந்தது.

கொற்கை பெற்றுக்கொண்டது.

மார்ச் 7, காலை

இன்டர்காமில் பூட்ஸ் சத்தம். பிறகு திலகன்:

“மேடம், கீழ்க்கூடத்துல இருக்கோம். டாக்டருக்கு நாடி இருக்கு.”

“ராயப்பன்?”

“அவருக்கு இல்ல. மாஸ்க்கை டாக்டர் முகத்துல வெச்சுப் பிடிச்சபடியே உட்கார்ந்திருக்கார். இருந்த ரெண்டு ஆக்சிஜன் பாட்டிலையும் அவங்களுக்கே மாட்டியிருக்கார், மேடம்.”

திரையில் என் கூடத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன்.

“உங்க பக்கம் காத்து எப்படி?”

“நெறைய இருக்கு. அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தாங்கும். டாக்டரைப் பாருங்க. கெளம்புங்க.”

இதைச் சொல்லும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 9

எச்சரிக்கை பெறுவோர் பட்டியலிலிருந்து கொற்கையை எடுத்துவிட்டேன். அவர்களால் திரும்பி வர முடியாது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கத்தான் முடியும். சுபைதா கண் விழித்து முதலில் பார்ப்பது என் கூடத்து எச்சரிக்கையாக இருக்க வேண்டாம்.

மார்ச் 10

*மேல்கூடம். ஆக்சிஜன் எல்லைக்குக் கீழே.*

எனக்கு மட்டும் வந்தது. நான் பதில் தரும்வரை நிற்காது. பெற்றுக்கொண்டேன் என்று அழுத்துகிறேன். அளவு குறையக் குறையப் புதிதாக ஒன்று வருகிறது.

இதைப் படிப்பவர் யாரோ, ராயப்பனின் அம்மா புன்னைக்காயலில் இருக்கிறார். அவன் கும்பிட்டுக் கேட்டதை நான் செய்யவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஏன் என்றும்

மறுபடி வந்துவிட்டது

பெற்றுக்கொண்டே