முரல் முட்டைக்குள் நீ கண்ட கோடு

மச்சான்,

நேற்று வலையோடு வந்த பாசியில் முரல் மீனின் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஐந்தாறைக் கடல் தண்ணீரோடு ஜாம் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தேன். மணிக்கூடு திருத்தும்போது நீ கண்ணில் செருகுகிற கண்ணாடி இப்போது என்னிடம்தான். நீ மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு உன் மகள் தந்தாள்.

நம் பந்தயம் நினைவிருக்கிறதா? முட்டைக்குள் முதலில் வருவது எது? துடிக்கிறதுதான் முதல், அது ஓடாமல் மற்றது எப்படி ஓடும் என்றாய். மணிக்கூட்டுக்காரன் புத்தி. வள்ளம் கட்டுகிறவன் அடிமரத்தைத்தான் முதலில் வைப்பான், ஆகவே முதுகெலும்பு என்றேன் நான். தோற்றவன் தேத்தண்ணிக் கடையில் எழும்பி நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றும் இப்படித்தான் முட்டைகளைப் போத்தலில் போட்டு வைத்தோம். மறுநாள் உன்னிடமிருந்து கண்ணாடியை முதலில் நான் வாங்கிப் பார்த்தேன். "கோடு வந்திருக்கு. துடிப்பக் காணல்ல" என்றேன். பிறகு நீ பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய்.

"ஓம்டாப்பா, கோடுதான் முதல்ல வந்தீக்கி."

பின்னேரமே கடையில் எழும்பி நின்று சொன்னாய். ஒரு மாதம் உன்னை நான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க விடவில்லை.

இப்போது சொல்கிறேன், கோபிக்காதே. அன்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, சொல்ல வெட்கம். சும்மா அடித்துவிட்டேன். துடிக்குது என்று நீ சொல்லியிருந்தால் கடையில் நான்தான் எழும்பி நின்றிருப்பேன். என் கண்ணின் நிலை உனக்குத் தெரிந்திருந்ததோ, இரங்கித்தான் தோற்றாயோ என்ற முள் மட்டும் இத்தனை வருடமாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் கண் வெட்டி வெள்ளையை எடுத்தார்கள். இன்று காலை உன் கண்ணாடியைச் செருகிப் பார்த்தேன். நூல் போல ஒரு வெள்ளைக் கோடு, ஒரு முனை சற்றுத் தடிப்பு. துடிப்பு இல்லை. மச்சான், நீ உண்மையாகவே தோற்றிருக்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

விஞ்ஞானம் படிப்பிக்கிற உன் மகளிடம் போத்தலைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தாள்.

"எலும்பில்ல மாமா. மூளையும் முதுகு நரம்பும் வார தடம் இது."

முதுகுப் பக்கத் தோல் தடித்து உள்ளே அமிழ்ந்து தண்டாகி, பிறகு குழாயாகுமாம். தடித்த முனைதான் மூளை. எலும்பு பிறகுதான் வருமாம். நம்மிலோ அந்தத் தோலின் இரண்டு ஓரமும் எழும்பி ஒன்றோடொன்று பொருந்திக் குழாயாகுமாம், வயிற்றில் பிள்ளை இருப்பது தாய்க்கே சரியாகத் தெரியவரும் முன். எனக்கு மூளை முதலில் வந்ததென்றால் நீ நம்பவே மாட்டாய்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் எழும்பி நின்றேன். "நான் எலும்பெண்டு சொன்னது பிழை. நானும் தோத்தவன்தான்" என்றேன். ஒருவருக்கும் பந்தயம் நினைவில்லை. கிழவனுக்கு என்ன பிடித்ததோ என்று பார்த்தார்கள்.

உன் கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. இப்போது சரிக்குச் சரி, மச்சான்.